நான் கண்டுபிடிக்காத நட்சத்திரம்

"டி.எஸ்.பி. ஊத்திக்குச்சுடீ!"

ஹாஸ்டல் காரிடாரில் ரூம்மேட் போட்ட சத்தத்தில், எதிர் ரூம் சீனியர் அக்கா டூத் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார். டி.எஸ்.பி. என்றதும் ஏதோ போலீஸ் அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்! இ.சி.இ. படிக்கிற அத்தனை ஜீவன்களின் தூக்கத்தையும் கெடுக்கிற பேப்பர். நாலாவது செமஸ்டரில் எனக்கு அதில் கப். வாழ்க்கையின் முதல் அரியர்!

காரணம் எனக்கே தெரியும். 'அலியாஸிங்' பற்றி வந்த பெரிய கேள்விக்கு ரெண்டு பக்கம் கதை எழுதி, மூன்று கலரில் அடிக்கோடும் போட்டுவிட்டு வந்திருந்தேன். திருத்தினவர் கதை பிரியர் இல்லை போல!

அடுத்த செமஸ்டர் மினி புராஜெக்ட். எங்கள் காலேஜில் மினி புராஜெக்ட் என்றால் கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் ரோபோ. போன வருஷம் ஓடியதே இந்த வருஷமும் ஓடும், பெயின்ட் மட்டும் மாறும். நான் அரியர் சோகத்தில் படுத்துக் கிடந்ததில் எல்லா டீமும் ஃபுல். கடைசியில் ஃபர்ஸ்ட் இயரில் எங்களுக்கு பிசிக்ஸ் எடுத்த மேம்தான் கூப்பிட்டார்.

"நட்சத்திரத்துக்கு எஃப்.எஃப்.டி. போடுறியாம்மா?"

"மேம்... அதுலதான் எனக்கு அரியர்."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்."

அப்படித்தான் நானும் நட்சத்திரங்களும் ஃப்ரெண்ட்ஸ் ஆனோம்.

கிறுக்கு நட்சத்திரங்கள்

நட்சத்திரம் என்றால் ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சூண்டு மற்றவை. இதுதானே நாம் படித்தது? ஆனால், சில நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஸ்ட்ரான்ஷியம், குரோமியம், யூரோப்பியம், நியோடிமியம் என்று கெமிஸ்ட்ரி லேப் அலமாரியே தெரிகிறது. சில தனிமங்கள் சூரியனில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்! இவற்றுக்கு 'வேதியியல் விசித்திர நட்சத்திரங்கள்' என்று பெயர். ஹார்வர்டில் நட்சத்திர நிறமாலைகளை வகை பிரித்துக்கொண்டிருந்த அன்டோனியா மோரி, 1897-லேயே இப்படி ஒரு நட்சத்திரத்தின் கோடுகள் வழக்கம்போல் இல்லை என்று குறித்து வைத்திருக்கிறார்.

அந்தத் தனிமங்கள் எல்லாம் அங்கே புதுசாக உற்பத்தியானவை இல்லை. 1970-ல் ஜார்ஜ் மிஷோ என்ற கனடா விஞ்ஞானி சொன்ன விளக்கம் ரொம்ப அழகு. நட்சத்திரத்தின் மேற்பரப்பு கொதிக்காமல் கலங்காமல் அமைதியாக இருந்தால், உள்ளே இருந்து வரும் ஒளி சில தனிமங்களை மேலே தள்ளிக்கொண்டு போகும். மற்றவை ஈர்ப்பில் கீழே இறங்கிவிடும். கலக்காமல் வைத்த மோரில் தண்ணீர் மேலே, தயிர் கீழே நிற்கிற மாதிரி. ஆக, விசித்திரம் எல்லாம் தோலில்தான். உள்ளே அதுவும் நம்ம சாதா நட்சத்திரமே!

"ஏன் மேம் கலங்காம இருக்கு?"

"காந்தம்!"

1947-ல் ஹோரஸ் பாப்காக் என்ற அமெரிக்கர், 78 விர்ஜினிஸ் என்ற நட்சத்திரத்தில் காந்தப்புலத்தைக் கண்டுபிடித்தார். சூரியனைத் தவிர வேறு ஒரு நட்சத்திரத்தில் காந்தம் தெரிந்தது அதுதான் முதல் தடவை. காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடு பிளக்கும் என்று ஃபர்ஸ்ட் இயரில் ஜீமன் விளைவு படித்து மறந்தோமே, அதே டெக்னிக்தான். 1960-ல் அவரே இன்னொரு நட்சத்திரத்தில் 34,000 காஸ் அளந்தார். நம் பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ். ஸ்கேன் சென்டரில் 'நகை, வாட்ச் எல்லாம் கழட்டுங்க' என்று மிரட்டுகிற எம்.ஆர்.ஐ. மெஷினில் பொதுவாக 15,000 காஸ். அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல், ஒரு முழு நட்சத்திரத்துக்கு!

பன்னிரண்டு நிமிடத் துடிப்பு

போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர் ஆன்டனி ப்ஷிபில்ஸ்கி. (பெயரை ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு கேன்டீனில் பப்ஸ் என் செலவு!) 1961-ல் அவர் ஒரு நட்சத்திரத்தைப் பற்றி எழுதினார். இரும்புக் கோடுகள் வலுவிழந்து, ஹோல்மியம் மாதிரி அபூர்வத் தனிமங்களின் கோடுகள் நிறைந்து கிடந்த அது, கிறுக்குகளிலேயே பெரிய கிறுக்கு. இன்றைக்கும் அவர் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள்.

1978-ல் தென்னாப்பிரிக்காவின் சதர்லேண்ட் ஆய்வகத்தில் டான் கர்ட்ஸ் என்பவர் அதே நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஒளி ஏறி இறங்கி ஏறி இறங்கி... 12.15 நிமிடத்துக்கு ஒரு முறை! ஒரு முழு நட்சத்திரம், நாம் பஸ் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துக்குள் ஒரு தடவை துடித்து முடித்துவிடுகிறது. இந்த வகைக்கு ஆர்.ஓ.ஏ.பி. என்று பெயர். 'வேகமாக ஆடும் விசித்திர நட்சத்திரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் முதல் இருபது நிமிடம் சொச்சம் வரை துடிப்பு.

'அதான் தினமும் மினுக்குதே!' என்று என் ரூம்மேட் மாதிரி சொல்லாதீர்கள். அந்த மினுக்கல் நம் காற்று செய்கிற வேலை. நிஜத் துடிப்பில் ஒளி மாறுவது ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதிலும் ஒரு சூப்பர் மேட்டர் உண்டு. சில துடிக்கும் நட்சத்திரங்களில் நியோடிமியம், பிரசியோடிமியம் கோடுகளை அளந்தால் பலமாக முன்னும் பின்னும் ஆடுகின்றன. அதே நட்சத்திரத்தின் இரும்புக் கோடுகளை அளந்தால் கிட்டத்தட்ட அசைவே இல்லை. ஏன்? இரும்பு கிரவுண்ட் ஃப்ளோர், நியோடிமியம் மொட்டை மாடி! கீழிருந்து வரும் அலை மேலே போகப் போகப் பெரிதாகிறது. எந்தத் தனிமம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தே எந்த உயரத்தில் எப்படித் துடிக்கிறது என்று சொல்லிவிடலாம். மற்ற நட்சத்திரங்களில் இந்த வசதி இல்லை.

வானத்தில் ஏ.எம். ரேடியோ

இதுவரை எல்லாமே எனக்குக் கதைதான். ஒரு நாள் மேம் ஒரு எஃப்.எஃப்.டி. படத்தை நீட்டியபோதுதான் மண்டையில் பல்பு எரிந்தது.

எச்.ஆர். 3831 என்ற நட்சத்திரம். 11.67 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 123.4 துடிப்பு. படத்தில் அந்த இடத்தில் ஒரு பீக் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால், அதற்கு ரெண்டு பக்கமும் சம தூரத்தில் அதைவிட உயரமாக ரெண்டு பீக்! சாமி பக்கத்தில் துவாரபாலகர்கள் மாதிரி.

"இதை நீ எங்கயோ பார்த்திருக்க. யோசி!"

யோசித்தேன். நடுவில் கேரியர். ரெண்டு பக்கமும் சைடு பேண்ட். "மேம்... இது ஏ.எம்.! ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன்!"

விஷயம் இதுதான். இந்த நட்சத்திரங்களின் காந்த அச்சு, சுழலும் அச்சோடு சேராமல் சாய்ந்து இருக்கிறது. காந்தப்புலம் கூடிக் குறைகிற மாதிரி தெரிவதற்கு இந்தச் சாய்வுதான் காரணம் என்று ஸ்டிப்ஸ் என்பவர் 1950-லேயே விளக்கியிருந்தார். 1982-ல் கர்ட்ஸ் ஒரு படி மேலே போனார். துடிப்பும் காந்த அச்சை ஒட்டித்தான் நடக்கிறது என்றார். அதனால், நட்சத்திரம் சுழலச் சுழல, துடிக்கிற துருவம் ஒரு நேரம் நம்மைப் பார்க்கும், ஒரு நேரம் திரும்பிக்கொள்ளும். நம்மைப் பார்க்கும்போது துடிப்பு பெரிது. திரும்பும்போது சிறிது. வேகமான துடிப்பு கேரியர், மெதுவான சுழற்சி அதை மாடுலேட் பண்ணுகிறது. அவ்வளவுதான்!

எச்.ஆர். 3831 தன்னைத் தானே சுற்ற 2.85 நாள். சைடு பேண்டுகள் இருந்தது சரியாக 0.35 தள்ளி. ஒன்றை 2.85-ஆல் வகுத்துப் பாருங்கள்! இன்னொரு கூத்தும் உண்டு. அதில் ரெண்டு துருவமும் மாறி மாறி நம் பக்கம் வரும். ஒரு துருவம் உப்பும்போது எதிர்த் துருவம் ஒடுங்கும். அதனால், ஒன்று போய் இன்னொன்று வரும் கணத்தில் துடிப்பின் ஃபேஸ் தலைகீழாகிவிடுகிறது. ஓவர் மாடுலேஷன்! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோன அதே படம், ஒரு நட்சத்திரம் வரைந்து காட்டுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்று சிலிர்த்துவிட்டது.

யுரேகா... யுரேகா!

என் வேலை இதுதான். 2018-ல் நாசா அனுப்பிய டெஸ் விண்கலம், வேற்றுக் கிரகங்களைத் தேடுவதற்காக லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளியை அளந்து வைத்திருக்கிறது. அந்த டேட்டா யாருக்கும் இலவசம். மேம் கொடுத்த ஒன்பது விசித்திர நட்சத்திரங்களுக்கு டேட்டாவை இறக்கி, எஃப்.எஃப்.டி. போட்டு, துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் நட்சத்திரம்... ஒன்றும் இல்லை. ரெண்டாவது... இல்லை. எட்டு வரைக்கும் வெறும் புல் தரை மாதிரி நாய்ஸ். ஒன்பதாவது நட்சத்திரத்துக்கு மட்டும் ரெண்டு நிமிட டேட்டா கிடைக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்று எடுத்த டேட்டாதான் இருந்தது. சரி, இருப்பதை வைத்து ஓட்டுவோம் என்று ஓட்டினேன். நான் தேடும் துடிப்பு நாளைக்கு அறுபதுக்கு மேல்தானே? அதனால் படத்தை 60-ல் இருந்து 144 வரைக்கும் மட்டும் வரைந்தேன்.

124-ல் ஒரு பீக். குத்துவிளக்கு மாதிரி நின்றது!

11.6 நிமிடத் துடிப்பு. லிஸ்ட் எல்லாம் தேடினேன். இந்த நட்சத்திரம் துடிப்பதாக யாரும் எழுதவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட்டை எழுப்பி ஆடினேன். மேம் ஒரு வாரம் லீவில் ஊருக்குப் போயிருந்தார். காத்திருக்கப் பொறுமை இல்லை. டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு 'புதிய துடிக்கும் நட்சத்திரம் கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டு அனுப்பியே விட்டேன். வீட்டுக்கும் போன்.

ஒட்டன்சத்திரத்தில் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போர்டில்தான் ரேடியோ. இப்போதெல்லாம் வருவது மிக்ஸியும் டேபிள் ஃபேனும். அரியர் போட்டது தெரிந்தபோது அவர் திட்டவில்லை. "சரி பாப்பா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். அந்த அப்பா இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு ஒரு நட்சத்திரம் கண்டுபிடிச்சிருக்கு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மிக்ஸி ரிப்பேருக்கு வந்தவர்கள்கூட எனக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள்!

சிம்போசியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மேம் வந்தார். படத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி.

"ஏம்மா அறுபதுல இருந்து வரைஞ்சிருக்க? சைபர்ல இருந்து வரை."

வரைந்தேன். 20-லும் ஒரு பீக். அதே உயரம். அச்சு அசல் 124-ன் தம்பி. நடுவில் 72-ல் ஒரு கண்ணாடி வைத்த மாதிரி!

உங்களில் டி.எஸ்.பி. பாஸ் பண்ணின புண்ணியவான்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஒரு நாளைக்கு 144 சாம்பிள். அதில் பாதி 72. அதற்கு மேல் தெரிவதெல்லாம் கீழே இருப்பதன் பிம்பம். அலியாஸிங்! எந்தக் கேள்விக்குக் கதை எழுதி அரியர் வாங்கினேனோ, அதே கேள்வி நட்சத்திர வேஷம் போட்டு வந்து என்னை மறுபடியும் ஃபெயில் ஆக்கியிருந்தது.

"ஒருவேளை 124 நிஜமா இருந்து, 20 பிம்பமா இருக்கக் கூடாதா மேம்?" என்றேன், விடாமல்.

"நல்ல கேள்வி. செக் பண்ணு."

அதே நட்சத்திரத்தை டெஸ் பின்னொரு முறை 200 விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அளந்திருந்தது. அதில் 216 வரைக்கும் நம்பிப் பார்க்கலாம். கை நடுங்க ஓட்டினேன். 20 அப்படியே நின்றது. 124 இருந்த இடத்தில் வெறும் புல் தரை. 72 நிமிடத்துக்கு ஒரு முறை ஆடுகிற வேறு சாதாரண வகை நட்சத்திரம் அது. என் நட்சத்திரம் செத்துப்போச்சு.

140 'இல்லை'கள்

அன்று ராத்திரி புத்தியில் ஒரு சாத்தான் புகுந்தது. 'சிம்போசியத்துல யாருக்கு என்ன தெரியப் போகுது? 60-ல் இருந்தே காட்டிடு. ப்ரைஸ் அடிச்சா அப்பா சந்தோஷப்படுவார்.' கொஞ்ச நேரம் இல்லை, ஒரு நாள் முழுக்க இந்த யோசனையில்தான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மேமிடம் போய், "ஒண்ணுமே கிடைக்கலையே மேம், எதைப் பேசறது?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் திட்டவில்லை. ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் போட்டார்.

1997-ல் நைனிடால் மலையில் இருக்கும் ஆய்வகமும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த வகை நட்சத்திரங்களைத் தேடும் வேலையை ஆரம்பித்தார்கள். நைனிடாலில் இருந்தது 104 செ.மீ. தொலைநோக்கி. அதில் போட்டோமீட்டரை மாட்டி, குளிரில் ராத்திரி ராத்திரியாக ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்க்க வேண்டும். எச்.டி. 12098 என்ற நட்சத்திரம் ஏழரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் துடிப்பது அப்படித்தான் தெரிந்தது. மேம் காட்டியது அந்தத் தேடலின் 2006-ம் வருடக் கட்டுரை. தலைப்பிலேயே இருக்கிறது... ஐந்து நட்சத்திரங்களில் துடிப்பு, 140 'இல்லை' முடிவுகள்!

140 தடவை 'ஒன்றும் இல்லை' என்று வந்திருக்கிறது. அதைக் கூச்சமே இல்லாமல் அட்டவணை போட்டு அச்சடித்திருக்கிறார்கள். ஏன்? அடுத்துத் தேடுகிறவர் எங்கே தேடவேண்டும் என்பதற்கு. இன்னொன்றும் உண்டு. 'இல்லை' என்பது அந்த ராத்திரிக்குத்தான். அன்றைக்குத் துடிக்கும் துருவம் நம் பக்கம் பார்க்காமல் திரும்பியிருக்கலாம். இன்னொரு ராத்திரி, இன்னும் நுட்பமான கருவி வைத்துப் பார்த்தால் தெரியலாம். அதனால்தான், 'இவ்வளவு நேரம் பார்த்தோம், இவ்வளவு நுட்பமாகப் பார்த்தோம், தெரியவில்லை' என்று கணக்கோடு எழுதி வைக்கிறார்கள்.

சிம்போசியத்தில் தலைப்பை மாற்றினேன். 'துடிக்காத எட்டு நட்சத்திரங்களும் ஏமாற்றிய ஒன்றும்'. ஜட்ஜ் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆக, என்னதான்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. "என் தப்பை சார்" என்றேன். ப்ரைஸ் கிடைக்கவில்லை. கறுப்புக் கோட்டில் ஓடிய ரோபோவுக்குத்தான் போனது. இந்த வருஷம் அதுக்கு மஞ்சள் பெயின்ட்!

அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது.

ஆயுத பூஜை லீவில் ஊருக்குப் போனேன். கடையைக் கழுவி, சால்டரிங் அயர்னுக்கும் மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 20, 124, கண்ணாடி, பிம்பம். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அலமாரி மேலிருந்த பழைய வால்வு ரேடியோவைக் காட்டினார்.

"ஷார்ட் வேவ்ல ஒரே ஸ்டேஷன் முள்ளு ரெண்டு எடத்துல நிக்கிறப்பவும் கேக்கும் பாப்பா. ஒண்ணு நெசம், ஒண்ணு இமேஜ். தொழில் கத்துக்கிட்ட புதுசுல நானும் புது ஸ்டேஷன் புடிச்சுட்டேன்னு குதிச்சிருக்கேன். அந்த மாதிரியா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு செமஸ்டர் முழுக்க எனக்குப் புரியாததை எங்க அப்பா ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். அவர் பத்தாவதுதான்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட என்னப்பா சொல்லுவீங்க?"

"இமேஜ்னு எம் பொண்ணே கண்டுபிடிச்சுட்டான்னு சொல்றேன்!"

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். அக்டோபர் மாதம் எட்டு மணிக்கு எங்கள் ஊரில் கிட்டத்தட்ட நேர் உச்சியில், மங்கலாக ஒரு நட்சத்திரம் நிற்கும். காமா ஈக்குலி. அதுவும் விசித்திர நட்சத்திரம்தான். காந்தமும் உண்டு, துடிப்பும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வெளிச்சமான வெகு சிலவற்றில் ஒன்று. 12 நிமிடம் சொச்சத்துக்கு ஒரு துடிப்பு. ஆனால், தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்ற கிட்டத்தட்ட நூறு வருஷம்! நான் பிறந்ததில் இருந்து இந்த இருபது வருஷத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது.

"இது நெசமா, இமேஜா?" என்றார் அப்பா.

"நெசம்ப்பா."

தெருவிளக்கு வெளிச்சத்துக்குக் கையை மறைத்துக்கொண்டு ரெண்டு பேரும் பார்த்தோம். துடிப்பது தெரியவில்லை. தெரியாது என்றும் தெரியும். ஆனாலும் பன்னிரண்டு நிமிடம் முழுசாக நின்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினோம்.

அடுத்த மாதம் டி.எஸ்.பி. அரியர் எக்ஸாம். அலியாஸிங் கேள்வி வருமா தெரியாது. வந்தால், இந்தத் தடவை கதை எழுத மாட்டேன் ஃப்ரெண்ட்ஸ்... சைபரில் இருந்து வரைவேன்!